ஹாஸ்டல் ஓனரின் உலக அதிசயங்கள்

குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொல்லப் போன அன்றுதான், துபாயில் நூற்றி அறுபது மாடிக்கு மேல் ஒரு கட்டடம் நிற்கிற கதையை நான் முழுசாகக் கேட்டேன். ஒரகடத்துக்கு வேலைக்கு வந்த முதல் வாரம் அது. ஹாஸ்டல் ஓனர் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“அண்ணாச்சி, பாத்ரூம் கதவுல தாப்பா இல்ல.”

“தாப்பா தானே? போட்டுக்கலாம்மா, அது ஒரு மேட்டரா? நீ எந்த ஊரு?”

“கோவில்பட்டி.”

“கோயில்பட்டி, இத்த பாரு.” கைப்பேசியை என் மூக்குக்கு நேராக நீட்டினார். “இந்த பில்டிங்ல கீழ நின்னு சூரியன் முழுவுறத பாத்துட்டு, லிப்ட்ல மேல போனின்னு வையி, அதே சூரியன் இன்னொரு தபா முழுவுறத பாக்கலாம். ஒரே நாள்ல ரெண்டு தபா! மனுசனா அவன்?”

நான் சூரியனைப் பார்த்துவிட்டு மறுபடியும் தாழ்ப்பாளை ஞாபகப்படுத்தினேன். “தோ, நாளிக்கு” என்றார். அந்த ‘நாளிக்கு’ நான் அங்கே இருந்தவரை வரவில்லை. குளிக்கப் போகிறவள் ஒரு வாளி நிறையத் தண்ணீர் பிடித்துக் கதவுக்குப் பின்னால் வைத்துக்கொள்வாள். அதுதான் எங்கள் தாழ்ப்பாள்.

ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகிற சாலையில், வடக்குப்பட்டுப் பக்கம் உள்ளே திரும்பினால் அந்த ஹாஸ்டல். நான் போனபோது தரையும் அதற்கு மேல் இரண்டு மாடியும். அறைக்கு ஆறு பேர், அடுக்குக் கட்டில். கம்பெனி பஸ் ஷிப்டுக்கு ஷிப்டு வாசலில் வந்து ஏற்றிப்போகும். பாதிப்பேர் தெற்கத்திப் பெண்கள். எங்கள் யார் பெயரும் அவருக்குத் தெரியாது. ஊர்ப்பெயர்தான். தஞ்சாவூரு, கோயில்பட்டி, பரமக்குடி என்று கூப்பிடுவார். நாங்களும் அவர் பெயரைச் சொன்னதில்லை. அவர் தலை தெருமுனையில் தெரிந்ததும் யாராவது ஒருத்தி, “உலக அதிசயம் வருது, உள்ள ஓடு” என்பாள்.

உலகத்தில் எவன் எங்கே பெரிசாக எதைக் கட்டினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். எந்தப் பாலம் நீளம், எந்த அணை அகலம், எந்தச் சுரங்கப்பாதை மலைக்குள் எவ்வளவு தூரம் போகிறது எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். இத்தனைக்கும் திருப்பதியைத் தாண்டி ஓர் அடி வைத்தவரில்லை. அதை அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஹாஸ்டலுக்குச் சமைப்பது அந்த அக்காதான். பின்பக்கத் தகரக் கொட்டகையில் புகைக்குள் நின்றுகொண்டு சொல்வார்:

“உலகத்துல கீற டேமு அல்லாம் தெரியும் இந்தாளுக்கு. சமையக்கட்டுல குழா ஒழுவுறது மட்டும் கண்ணுக்குத் தெரியாது.”

டேம் என்றதும் ஞாபகம் வருகிறது. மாடித் தொட்டி கீறல் விட்டு, காலையில் மோட்டார் போட்டால் சாயங்காலத்துக்குள் காலியாகிவிடும். ஷிப்டு முடிந்து வந்து, முகத்தில் சோப்பு போட்டபின் தண்ணீர் நின்றுபோன பரமக்குடிக்காரி கண்ணை மூடிக்கொண்டே வாசலுக்கு வந்து கத்தினாள். அவர் பதறவில்லை.

“சீனாக்காரன் ஆத்த மறிச்சி ஒரு டேமு கட்டிக்கிறான். அதுல தண்ணி ரொம்புனதுல பூமி சுத்துறதே கொஞ்சூண்டு ஸ்லோ ஆயிட்சாம். நீ இன்னாமா, ஒரு சொம்புத் தண்ணிக்கு…”

“அண்ணே, கண்ணு எரியுதுண்ணே!”

“எரியும், எரியும். சோப்பு மாத்து.”

இப்படி ஒரு மனிதரிடம் கோபப்படக்கூட முடியாது. கோபப்படவும் எதிரில் ஆள் இருக்க வேண்டுமல்லவா? உடம்பு வடக்குப்பட்டில் இருக்கும், ஆள் சீனாவில் இருப்பார்.

அந்த வருஷ மழையில் தரைத்தள அறைகளுக்குள் தண்ணீர் வந்தது. வராமல் என்ன செய்யும்? ஏரிக்குப் போகிற கால்வாயை மூடித்தான் முன்பக்கச் சுவரை எழுப்பியிருந்தார். காலையில் கட்டிலைவிட்டு இறங்கினால் கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீர், அதில் எங்கள் செருப்புகள் மிதக்கின்றன. நாங்கள் போட்ட கூச்சலுக்கு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“நெதர்லாந்துன்னு ஒரு நாடு கீது. அவன் கடலுக்குக் கீழ ஊரையே வெச்சிக்கினுகிறான். கடல மறிச்சி செவுரு கட்டி, உள்ள மாடு மேச்சிக்கினுகிறான். கணுக்கா தண்ணிக்கு இன்னாத்துக்கு இப்டி கூவுறீங்க?”

ஆனால் ஒன்று சொல்லியாக வேண்டும். எங்கள் தகரப் பெட்டிகளையும் பைகளையும் தலையில் வைத்து இரண்டாம் மாடிக்கு ஏற்றியது அவர்தான். நாங்கள் தடுத்தும் கேட்கவில்லை. மூச்சு வாங்க வாங்கப் படியேறினார். வாய் மட்டும் நெதர்லாந்தை விட்டு வரவில்லை.

அவரை எதிர்த்துப் பேசுகிற ஒரே ஆள் மகேஸ்வரி. எங்கள் அறையில் மேல்கட்டில். தஞ்சாவூருக்குப் பக்கத்துக் கிராமம். ஒருநாள் டீ குடித்துக்கொண்டிருந்தவளை அவர் பிடித்துக்கொண்டார்.

“தஞ்சாவூரு, உங்க ஊரு பெரிய கோயிலு கோபுர நெழலு கீழயே வுழாதாமே? அன்னிக்கே எப்டி கணக்கு போட்டுக்கிறான் பாரு!”

“விழும்ங்க.”

“வுழாதுமா. வீடியோல சொன்னான்.”

“பள்ளிக்கூடத்துல கூட்டிட்டுப் போனப்ப அந்த நெழல்லதாங்க உக்காந்து புளிசாதம் தின்னோம். நல்லா குளுகுளுன்னு இருந்துச்சு.”

அவர் முகம் சுருங்கிவிட்டது. கண்ணால் கண்டவள் சொல்வதா, காணாதவன் போட்ட வீடியோவா என்று கொஞ்சநேரம் தடுமாறினார். கடைசியில் வீடியோ ஜெயித்தது. “நீ சின்ன பொண்ணு. அது வேற எதுனா மண்டபத்து நெழலா இருந்திருக்கும்” என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார்.

ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஒரேயொரு முறைதான் எனக்குத் துப்புக் கிடைத்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி அவர் நின்றிருந்தார். எதிரே தொழிற்சாலையின் நீலக்கூரை, கண்ணுக்கெட்டியவரை நீண்டு கிடந்தது.

“அந்த நீலக் கூரைக்கு நட்டநடுவுலதான் நம்ம கழனி” என்றார்.

ஊரில் யாரிடமும் கேட்பதுபோல, “வருத்தமா இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டுவிட்டேன். அவருக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது.

“வருத்தமா? இன்னாத்துக்கு? நெல்லு எம்மாம் ஒசரம் வளரும்? முட்டிக்கு! எங்கப்பன், அவுங்கப்பன் அல்லாரும் குனிஞ்சிக்கினே இருந்துட்டு, முட்டி ஒசரத்துக்கு மேல ஒண்ணத்தையும் பாக்காம செத்தானுங்க. கம்பெனிக்காரன பாரு, வந்தான், எம்மாம் பெருசா கட்டிட்டான்! ஆனா ஒண்ணு, அவனுது படுத்துக்கினு கீது. நம்பள்து நிக்கணும். ஐவேல போறவன் அல்லாம் தலய தூக்கிப் பாக்கணும்.”

“பாத்துட்டு என்ன செய்வாங்க?”

இதை அவர் யோசித்ததே இல்லை போலிருக்கிறது.

“பாப்பாங்க” என்றார்.

அடுத்த மாதமே கம்பியும் ஜல்லியும் வந்து இறங்கின. எங்கள் தலைக்கு மேலே மூன்றாம் மாடி எழும்பியது. நாங்கள் காலிசெய்துவிட்டுப் போக இடமில்லை. அந்த வட்டாரத்தில் எல்லா ஹாஸ்டலிலும் ஆள் நிரம்பி வழிந்தது. சிமெண்டு தூசி சோற்றில் விழுந்தது. புதுத்தளத்துக்கு ஊற்றிய தண்ணீர் சொட்டுச் சொட்டாக எங்கள் மெத்தைக்கு வந்து சேர்ந்தது. கட்ட ஆரம்பித்த கிழட்டு மேஸ்திரி பாதியில் காணாமல் போய், வேறொரு இளவட்ட மேஸ்திரி வந்தார். அதை நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேஸ்திரி மாறினால் எங்களுக்கென்ன? மூன்று நின்றது, நான்கு நின்றது. அதற்கு மேல் உச்சியில், ஹாஸ்டல் பெயரைத் தாங்கி நிற்க ஒரு இரும்புக் கோபுரமும் வைக்கப் போவதாகச் சொன்னார். பாரீசில் இருக்கிறதாமே, அந்த மாதிரி. பழைய இரும்புக் கடையிலிருந்து ஆங்கிள் சட்டங்கள் வந்து வாசலில் குவிந்தன. நாங்கள் அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போட்டோம்.

முதலில் கதவுகள்தான் சொல்லின. குளியலறைக் கதவு திடீரென்று இறுக்கமாகச் சாத்திக்கொள்ள ஆரம்பித்தது. தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். தாழ்ப்பாள் கவலை தீர்ந்ததென்று நாங்கள் சிரித்தோம். பிறகு மாடிப்படிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு கோடு. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தக் கோட்டுக்குள் என் சுண்டுவிரல் போனது. அவரிடம் காட்டினேன். பூச்சுதான் காய்ந்து விரிகிறது என்றார். மறுநாள் அதன்மேல் வெள்ளை அடித்திருந்தார்.

ஒருநாள் காலை, ஷிப்டு முடிந்து வந்து காப்பி டம்ளரோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். காலடியில் பட்டாசு வெடித்ததுபோல் ஒரு சத்தம். அறையின் நடுவில் டைல்ஸ் கற்கள் இரண்டு, கூடாரம்போல முட்டிக்கொண்டு மேலெழுந்து உடைந்தன. சில்லு ஒன்று மகேஸ்வரியின் பாதத்தைக் கிழித்துவிட்டது. அவள் காலைப் பிடித்துக்கொண்டு உட்காரவில்லை. நேராகக் கதவுக்குப் போய், “எல்லாரும் வெளிய வாங்க! எதையும் எடுக்காதீங்க, வெளிய வாங்க!” என்று மாடி மாடியாகக் கேட்கும்படி கத்தினாள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள் நைட்டியோடு ஓடிவந்தார்கள். சாலை ஓரத்தில், புழுதியில், எல்லோரும் உட்கார்ந்துவிட்டோம். மகேஸ்வரியின் காலில் என் துப்பட்டாவைக் கட்டினேன். ரத்தம் நிற்கவில்லை.

அவர் வந்தார். உடைந்த டைல்ஸைப் பார்த்தார். வெள்ளையடித்த கோடு மறுபடியும் வாய் பிளந்திருப்பதைப் பார்த்தார். முகத்தில் ஒரு விநாடி பயம் ஓடியதை நான் கண்டேன். பிறகு அதை எங்கேயோ ஒளித்துவைத்துவிட்டு எங்களிடம் வந்தார்.

“இன்னாத்துக்கு ரோட்ல குந்திக்கினு கீறீங்க? போறவன் வர்றவன் இன்னா நெனப்பான்? இத்தாலில பீசான்னு ஒரு கோபுரம். கட்டிக்கினு இருக்கும்போதே சாஞ்சிட்சி. வுழுந்துதா? எத்தினி நூறு வருசமா அப்டியே நிக்குது! உலகமே போயி அத்த பாத்துட்டு வருது.”

மகேஸ்வரி தலையைத் தூக்கினாள்.

“அதுக்குள்ள யாரும் குடியிருக்கலைங்க” என்றாள்.

அந்த நேரத்தில்தான் அக்கா பின்கட்டிலிருந்து வந்தார். இரண்டு கையாலும் சோற்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடி வந்து, சாலை ஓரத்தில் எங்கள் நடுவில் இறக்கினார். குழம்புச் சட்டிக்காகக்கூட மறுபடியும் உள்ளே போகவில்லை.

“யாரும் உள்ள போவாதீங்க. இங்கயே துன்னுங்க.”

“ஏய், நீ உள்ள போ” என்றார் அவர்.

“எந்த உள்ள? நீ கட்னியே, அந்த உள்ளயா? நான் போவ மாட்டேன். இந்த பொண்ணுங்களயும் வுட மாட்டேன்.” அக்கா எங்கள் பக்கம் திரும்பினார். “ரெண்டு மாடிக்குத்தான்மா அடியில அஸ்திவாரம் போட்டது. அதுக்கு மேல தாங்காது, ஏரி மண்ணு, என் கையால கட்ட மாட்டேன்னு சொல்லிட்டு அந்தப் பெரிய மேஸ்திரி போயிட்டாரு. நான் காலுல வுழுந்தேன் இந்தாளுகிட்ட. வீடியோ காட்றாரு எனக்கு! எதுனா ஆயிருந்தா உங்க ஆத்தாளுங்களுக்கு நான் இன்னா சொல்லுவேன்?”

இதைச் சொல்லிவிட்டு அந்த அம்மாள் தரையில் உட்கார்ந்து அழுதார். ஓனர் சுற்றிலும் பார்த்தார், எந்த நாட்டையாவது துணைக்குக் கூப்பிட நினைத்தவர்போல. எதுவும் வரவில்லை.

நாங்கள் கம்பெனி ஆபீசுக்குப் போன் போட்டோம். பஸ் வந்தது, கூடவே ஒரு இன்ஜினியரும் வந்தார். மகேஸ்வரியைத் தையல் போட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். எங்களை நம்பித் தங்கவைக்க முடியுமா என்று தெரிந்துகொள்ள, இன்ஜினியர் மூலைத்தூண் ஒன்றின் பக்கத்தில் குழி தோண்டச் சொன்னார். தோண்டுகிறவன் இடுப்பளவு இறங்கும் முன்பே தூண் முடிந்துபோயிற்று. அதற்குக் கீழே சின்னதாக ஒரு கான்கிரீட் பலகை, அதற்கும் கீழே களிமண். களிமண்ணில் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. நான்கு மாடியும் அதன்மேல்தான் உட்கார்ந்திருந்தது. ஊரே குழியைச் சுற்றி நின்று எட்டிப் பார்த்தது. அவர் நினைத்தபடியே ஐவேயில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி வந்து பார்த்தார்கள். ஆனால் யாரும் தலையைத் தூக்கவில்லை, எல்லோரும் குனிந்துதான் பார்த்தார்கள்.

“ஐயா, இதுக்கு ரெண்டு மாடியே ஜாஸ்தி” என்றார் இன்ஜினியர்.

கூட்டத்தில் யாரோ, “சீனாக்காரன்கிட்ட கேட்டுட்டு கட்டியிருக்கலாம்” என்றார்கள். சிரிப்பு கிளம்பியது. நாங்களும் சிரித்தோம். அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிறமாதிரி சிரித்தோம். அவர் கைப்பேசி சட்டைப்பையில் அடித்து அடித்து ஓய்ந்தது. குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்றே எங்களை வல்லம் வடகாலில் இன்னொரு ஹாஸ்டலுக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே தாழ்ப்பாள் இருந்தது. ஷிப்டு பஸ் பழைய வழியாகப் போகிறபோது, கட்டடத்தின் உச்சியில் ஆட்கள் சுத்தியலோடு நின்று மேல்மாடிகளை உடைத்து இறக்குவதைப் பார்ப்போம். கீழே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர். தலையில் துண்டு. மேலிருந்து தூசி இறங்கி அவர்மேல் படியும், எழுந்து தள்ளி உட்காரமாட்டார். ஒருமுறை டீக்கடையில் எதிர்ப்பட்டார். அவராகத்தான் சொன்னார்:

“அந்த பாரீசு டவரக்கூட இருவது வருசத்துல பிரிச்சிடணும்னுதான் கட்னான், தெரியுமா? கடசில வுட்டுட்டானுங்க. அவன் டைமு.”

பாவம் என்று சொல்ல வாயெடுத்தேன். மகேஸ்வரியின் பாதத்தில் இருந்த தழும்பு ஞாபகம் வந்தது. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

வருஷங்கள் ஓடின. லைனில் நின்ற நான் தரப் பரிசோதனைப் பிரிவுக்குப் போனேன். கல்யாணமாகி அதே பக்கத்தில் குடியிருக்கிறேன். அக்காவோடு மட்டும் தொடர்பு விடவில்லை. போன வருஷம் கம்பெனியில் என்னைப் பயிற்சிக்கு மலேசியா அனுப்பினார்கள். கடைசி நாள் கோலாலம்பூரில், உடன் வந்தவர்கள் ரெட்டைக் கோபுரத்தைப் பார்க்க இழுத்துப் போனார்கள். கண்ணாடியும் இரும்புமாக ஜோடியாக அவை வானத்துக்குள் போயின. கழுத்து வலிக்க நிமிர்ந்து நின்றபோது, இதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டியவள் நானா என்று எரிச்சலாக வந்தது. அக்காவுக்கு வீடியோ கால் போட்டேன்.

அக்கா பார்த்துவிட்டு, “அடேங்கப்பா” என்றார். பிறகு திரையில் கூரை சுழன்றது. “இந்தாய்யா, உன் கோயில்பட்டி. ரெட்ட கோபுரத்தாண்ட நிக்குதாம்.”

அவர் முகம் வந்தது. மெலிந்திருந்தார். எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை.

“இது பழசும்மா. அந்த ஊர்லயே இத்தவிட ஒசரமா இன்னொண்ணு கட்டிட்டானே. அங்க போவலியா?”

சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன எனக்கு. “நாளைக்குக் காலைல பிளைட்டு அண்ணாச்சி. இதையாவது பாருங்க” என்று கைப்பேசியைத் திருப்பி உச்சியைக் காட்டினேன்.

“மேல வாணாம்மா. கீழ காட்டு.”

கீழே காட்டினேன். பூந்தொட்டிகள், பளபளக்கும் கல்தரை, படமெடுக்கிற கூட்டம்.

“இன்னும் கீழ.”

குனிந்து, தரையோடு தரையாகக் காட்டினேன். என் செருப்பும் கல்லும்தான் தெரிந்திருக்கும்.

“இதுக்குக் கீழ என்ன அண்ணாச்சி இருக்கு? அஸ்திவாரமெல்லாம் மண்ணுக்குள்ளல்லா இருக்கும். வெளிய எப்படித் தெரியும்?”

திரையைத் திருப்பிப் பார்த்தேன். அவர் முகம் திரையை ஒட்டி வந்திருந்தது.

“ஆமா. வெளிய தெரியக் கூடாது” என்றார். “நம்பள்து தெரிஞ்சிட்சி.”

கைப்பேசியை மனைவியிடம் கொடுத்துவிட்டார்.